குண்டூசி சேர்த்து வைத்ததைப் பிரிக்க வேண்டாம்

வாசகியின் கேள்வி: ஹட்டன் பகுதியில் உள்ள பொது நூலகம் ஒன்றில் உதவியாளராகப் பணியாற்றுகிறேன். நூலகத் துறையில் அடிப்படைப் பயிற்சி மட்டுமே பெற்றிருக்கிறேன். அயல் தோட்டமொன்றில் நெடுங்காலம் தலைமைக் கிளாக்கராக இருந்து காலமான ஒருவரின் மனைவி, வீட்டிலிருந்த மூன்று ட்ரங்குப் பெட்டிகளை எங்கள் நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். செக்ரோல் புத்தகங்கள் (தொழிலாளரின் பெயரும் வேலையும் சம்பளமும் பதியும் ஏடுகள்), தோட்டம் மாறும்போது தரும் பற்றுச்சீட்டுகள், பிரஜாவுரிமை விண்ணப்பப் பிரதிகள், தொழிற்சங்கத் தோட்டக் கமிட்டியின் கூட்டக் குறிப்பேடு, மன்மதன் கதையை ஆடும் காமன்கூத்தின் பாடல்கள் எழுதிய இரண்டு சீ.ஆர். கொப்பிகள், சிறிய ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று என உத்தேசமாக 6,000 தாள்கள் இருக்கும். முதற்பெட்டியில் ஒரு பகுதியைச் சம்பளம், பிறப்பு இறப்பு, கடிதம், கலை எனப் பொருள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தாளுக்கும் முத்திரையும் சேர்விலக்கமும் (நூலகத்தில் சேர்ந்த வரிசை எண்) இட்டேன். 400 தாள்களோடு களைத்துப்போனேன். மேலதிகாரி, பயனுள்ளதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கச் சொல்கிறார். இதற்குள் பாட்டன் பெயரைத் தேடி ஆட்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். நான் செய்வது சரியா? இதைத் தொழிலாகக் கொண்டு வாழ முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்குச் சற்றுப் பொறுத்துப் பதில் சொல்லலாம். முதற்கேள்விக்குப் பொறுக்க இயலாது. பொருள்வாரியாகப் பிரிப்பதை இன்றே நிறுத்துங்கள். மற்ற இரண்டு பெட்டிகளையும் திறந்து பார்க்கலாம், மேலிருந்து அடுக்கடுக்காகப் படம் எடுக்கலாம்; ஆனால் ஒரு தாளைக்கூட இடம் மாற்ற வேண்டாம். நீங்கள் செய்ததைக் கவனக்குறைவு என்று நான் கருதவில்லை. நூல்களுக்கென்று கற்ற முறையை ஆவணங்களுக்கும் பொருத்திப் பார்த்தீர்கள்; பயிற்சி பெற்ற எவரும் முதலில் அதையே செய்வர். நூலின் ஆசிரியர், தலைப்பு, பதிப்பாண்டு எல்லாம் நூலுக்குள்ளேயே அச்சாகியிருப்பதால், எந்தத் தட்டில் வைத்தாலும் அது இன்னதென்று அடையாளம் காணலாம். தோட்ட அலுவலகத் தாளில் அவை எதுவும் இராது. அதற்கு மேலேயும் கீழேயும் எந்தத் தாள் இருந்தது, யாருடைய கட்டில் இருந்தது என்பதுதான் அதன் பாதிப் பொருள்.

உங்களிடம் உள்ள பிரஜாவுரிமை விண்ணப்பங்களையே எடுத்துக்கொள்வோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழராகிய நம் மக்களுள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அதன் பின் வந்த 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர், 1946 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன் இடைவிடாது இந்நாட்டில் வதிந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. மணமானவராயின் 7 ஆண்டுகள், மணமாகாதவராயின் 10 ஆண்டுகள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கொழுந்தெடுக்கும் பெண் அதை எதைக் கொண்டு நிரூபிப்பார்? தோட்டத்துக்குத் தோட்டம் மாறியபோது கிடைத்த பற்றுச்சீட்டு, செக்ரோலிலிருந்து கிளாக்கர் எழுதிக்கொடுத்த பகுதி, பிள்ளையின் பிறப்புப் பதிவு, தோட்டப் பாடசாலையின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு குண்டூசியால் குத்தி வைத்திருப்பார். அந்தக் குண்டூசிதான் அவருடைய வழக்கு. பற்றுச்சீட்டைப் பற்றுச்சீட்டுகளோடும், கடிதத்தைக் கடிதங்களோடும், பிறப்புப் பதிவைப் பிறப்புகளோடும் சேர்த்துவிட்டால் தாள்கள் அனைத்தும் பத்திரமாக இருக்கும். அந்தப் பெண் மட்டும் காணாமற்போவார்.

இதை நான் பாடப் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு நிறுவனத்தில் பழைய கடிதக் கட்டு ஒன்று என்னிடம் தரப்பட்டது. திகதி வரிசையில் இருந்தால் ஆய்வாளருக்கு உதவும் என்று நம்பி, கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து முழுவதையும் திகதிப்படி அடுக்கினேன். ஒவ்வொரு கடிதத்தின் பின்னாலும் அதற்குரிய பதிலின் நகலும், அதன் பின் செலவுக் குறிப்பும் வைத்துக் கட்டப்பட்டிருந்தன என்பதை, அடுக்கி முடித்து ஒரு மாதம் கழித்தே உணர்ந்தேன். திகதியிடாத நகல்கள் எந்தக் கடிதத்துக்குரியவை என்பதை இன்றுவரை முழுமையாகக் கண்டறிய முடியவில்லை. அந்தக் கட்டை நினைக்கும்போதெல்லாம் வருந்துகிறேன். உங்களுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுவே காரணம்.

ஓர் அலுவலகத்தின் தாள்களை மற்றோர் அலுவலகத்தின் தாள்களோடு கலக்கக்கூடாது என்னும் தோற்றுவாய் நெறி 1841 இல் பிரான்சில் ஆணையாக வெளியானது. அவர்கள் வைத்த ஒழுங்கைக் குலைக்கக்கூடாது என்னும் மூல ஒழுங்கு நெறியை 1898 இல் ஒல்லாந்து ஆவணக் காப்பாளர் மூவர் தம் கைந்நூலில் விரித்தெழுதினார்கள். உலகெங்கும் ஆவணப் பட்டியலாக்கம் இன்றும் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

பிரித்த 400 தாள்களைப் பற்றி மனம் தளர வேண்டாம், பெரும்பகுதியை மீட்கலாம். தாள்களை வெளிச்சத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, எழுத்தைப் படிக்காமல் தாளை மட்டும் பாருங்கள். ஒரே குண்டூசியில் இருந்த தாள்களில் துருக்கறை ஒரே இடத்தில், மேலிருந்து கீழாக மெலிந்துகொண்டே போகும். பூச்சி அரித்த துளை அடுத்தடுத்த தாள்களில் நேர்கோட்டில் செல்லும். நீர் ஊறிய கறையின் விளிம்பு பக்கத்துத் தாளில் அதே வளைவோடு தொடரும். கோவையில் நூல் கோத்த துளைகளின் இடைவெளி, மடித்த தடம், ஓரத்தில் கிளாக்கர் இட்ட ஊதா நிறப் பென்சில் இலக்கம் ஆகியனவும் உதவும். இவற்றுள் இரண்டு தடயங்களாவது ஒத்துப்போனால் அத்தாள்களை மீண்டும் சேர்த்து வையுங்கள். ஒன்று மட்டும் ஒத்தால் சேர்க்காமல், ஐயத்தைக் குறிப்பாக எழுதி வையுங்கள். இட்ட முத்திரையை அழிக்க முயல வேண்டாம். இனிமேல் மை முத்திரையே வேண்டாம். மென்மையான 2பி பென்சிலால் தாளின் பின்புறக் கீழ் மூலையில் இலக்கமிட்டால் போதும். துருப்பிடித்த குண்டூசியை மெல்ல எடுத்துவிட்டு, அது சேர்த்து வைத்திருந்த தாள்களை மடித்த வெள்ளைத் தாள் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, “இவை குண்டூசியால் இணைக்கப்பட்டிருந்தன” என்று அதன்மேல் எழுதுங்கள்.

களைப்புக்கும் காரணம் முறைதான். 6,000 தாள்களையும் தனித்தனியே பட்டியலிட ஒரு தாளுக்குக் கால் மணி நேரம் என்று கொண்டாலும் 1,500 மணி நேரம் வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேரம் வேறு வேலையின்றி உழைத்தால் 250 வேலைநாட்கள். நூலகத்தில் இரவல் கொடுக்கும் மேசையையும் கவனித்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. ஆவணங்களை மேலிருந்து கீழாக விவரிக்க வேண்டும். முதலில் முழுத் தொகுதிக்கு ஒரு விவரிப்பு, பின் அதனுள் அடங்கும் தொடர்களுக்கு (ஒரே வகை ஏடுகளின் வரிசை), பின் கோவைகளுக்கு. அவசியமானால் மட்டுமே தனித்தாளுக்கு. சர்வதேச ஆவணப் பேரவையின் ஐ.எஸ்.ஏ.டி.ஜி. என்னும் நியமம் 26 கூறுகளைப் பட்டியலிட்டாலும், எந்த நிலையிலும் இன்றியமையாதவை ஆறே: குறியீட்டு இலக்கம், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, விவரிப்பு நிலை. இந்த ஆறையும் மூன்று பெட்டிகளுக்கும் தொடர் நிலைவரை எழுத ஒரு மாதம் போதும். அந்த மாத முடிவில், என்ன இருக்கிறது என்று எவர் கேட்டாலும் சொல்லக்கூடிய பட்டியல் ஒன்று உங்கள் கையில் இருக்கும். அதற்கு விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டாம். ஓர் எக்செல் தாள் போதும்.

உருவாக்கியவர் என்னும் இடத்தில் மட்டும் நின்று யோசியுங்கள். மூன்று பெட்டிகளும் ஒரே வீட்டிலிருந்து வந்திருந்தாலும் உருவாக்கியவர் ஒருவரல்லர். செக்ரோலை உருவாக்கியது தோட்ட அலுவலகம். கூட்டக் குறிப்பேட்டை உருவாக்கியது தோட்டக் கமிட்டி. அலுவலகமும் கமிட்டியும் பல நாள் எதிரெதிரே நின்றவை. கூத்துக் கொப்பி கிளாக்கர் எழுதியதா, கூத்து வாத்தியார் கொடுத்ததா என்பது தனிக்கேள்வி. ஆகவே சேகரிப்பு ஒன்று, அதனுள் மூன்று அல்லது நான்கு தோற்றுவாய்கள் என்று எழுதுங்கள். அலுவலக ஏடுகள் வீட்டுக்கு வந்த கதையையும் ஒரு பத்தியில் சேருங்கள். 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992 இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றபோதும் அலுவலகங்கள் கைமாறின. யாருக்கும் வேண்டாத பழைய ஏடுகளை வீட்டுக்கு எடுத்துச் சென்று காத்தவர்களாலேயே பல தோட்டங்களின் வரலாறு மிஞ்சியிருக்கிறது. அரச கூட்டுத்தாபனக் காலத்து ஏடுகள் உங்கள் பெட்டியில் இருந்தால், அவை 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் கூடச் சட்டத்தின் கீழ் வருமா என்று தேசிய சுவடிகள் கூடத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலையும் கோவையில் வையுங்கள். கொடையளித்த அம்மையாரிடமிருந்து நன்கொடைக் கடிதம் ஒன்றையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

இனி, பெயர்கள். பாட்டன் பெயரைத் தேடி வருபவருக்கு உங்கள் பட்டியல் உதவுவதும் உதவாததும் இங்கேதான் தீர்மானமாகும். செக்ரோலில் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில், எழுதியவரின் காதுக்கு எட்டியபடி இருக்கும். கறுப்பன் ஓர் ஏட்டில் ‘சி’ என்ற எழுத்திலும் இன்னோர் ஏட்டில் ‘கே’ என்ற எழுத்திலும் தொடங்குவார்; முனியாண்டிக்கு நான்கு வகை எழுத்துக்கூட்டல் இருக்கும். அகரவரிசைச் சுட்டி ஒன்றைத் தயாரித்தால் ஒரே மனிதர் நான்கு இடங்களில் சிதறிக் கிடப்பார். ஆகவே ஏட்டில் உள்ளதை உள்ளவாறே எக்செல் தாளின் ஒரு நிரலிலும், தமிழில் வழங்கும் வடிவத்தை அடுத்த நிரலிலும் எழுதி, தேடுவதற்குத் தமிழ் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். முனியாண்டி என்ற பெயர் மட்டும் போதாது; ஒரே தோட்டத்தில் பத்து முனியாண்டிகள் இருப்பர். தந்தை பெயர், எந்தக் கங்காணியின் (ஆட்களை மேற்பார்ப்பவரின்) ஆள், தோட்டத்தின் எந்த டிவிசன், எந்த லயம் (வரிசைக் குடியிருப்பு) என்று ஏடு தருவதையெல்லாம் சேர்த்து எழுதுங்கள். பெண்களின் பெயர்களை ஆண்களின் பெயர்களுக்குப் பின் தள்ளிவைக்க வேண்டாம். 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என்று வெவ்வேறு வேதனங்களுக்கு இடமளித்ததால் ஏடுகளும் அவ்வாறே பிரிந்திருக்கும். அந்தப் பிரிவுகளின் பயனாக, வேறெங்கும் எழுதப்படாத பெண்களின் பெயர்களும் சிறுவர்களின் பெயர்களும் அவற்றில் கிடைக்கும். சுட்டி தயாரிக்கும் வேலையை அங்கிருந்து தொடங்குவதையே நான் விரும்புவேன்.

தோட்டத்தின் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. ஸ்கொட்லாந்து ஊர்ப்பெயர் ஒன்றைப் பலகையில் தாங்கிய தோட்டத்தை நம் மக்கள் முற்றிலும் வேறான தமிழ்ப் பெயரால் அழைத்திருப்பார்கள். பாட்டி சொன்ன பெயரோடு வருபவருக்கு ஆங்கிலப் பெயர் தெரியாது. இரண்டையும் இணைத்து எழுதுங்கள். தோட்டங்களின் விவரம் தரும் பழைய பேர்கசன் டிரெக்டரிகள் கிடைக்குமாயின், தோட்டத்தை நடத்திய துரைமாரின் பெயர்களையும் ஆண்டுகளையும் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

காலத்தைக் கணிப்பதில் ஒரு கவனம். கூத்துக் கொப்பியில் ‘பிரபவ வருடம் மாசி’ என்று மட்டும் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அறுபதாண்டுச் சுழற்சியில் பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. மாசி அடுத்த ஆங்கில ஆண்டில் விழுவதால் 1868, 1928, 1988 என்னும் மூன்றில் ஒன்றாகவே அது இருக்க முடியும். எது என்பதைக் கொப்பியின் தாளும் மையும் உறவினரின் சாட்சியமும் சொல்லும். நீங்களே முடிவுசெய்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் [1928] என்று எழுதுங்கள். ஏடு சொல்வது எது, பட்டியலாளர் சொல்வது எது என்பதை அந்த அடைப்புக்குறி காட்டும். தலைப்பில்லாத கோவைக்கு நீங்கள் தரும் தலைப்புக்கும் இது பொருந்தும்.

கூத்துக் கொப்பிகளும் ஓலையும் சற்று வேறுபட்டவை. அவற்றைத் தனித்தனியே விவரிப்பது தகும். காமன்கூத்துப் பாட்டு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், வாத்தியாருக்கு வாத்தியார் மாறும். ஆகவே தொடக்க அடி, முடிவு அடி, பக்க எண்ணிக்கை, எத்தனை கைகள் எழுதியிருக்கின்றன, ஓரத்தில் இராகமோ தப்புப் பறை அடிக்கும் குறிப்போ உண்டா என்பவற்றை எழுதுங்கள். ஓலைக்கு ஏடுகளின் எண்ணிக்கை, நீள அகலம், பக்கத்துக்கு எத்தனை வரி, முழுமையா குறையா என்பன வேண்டும். பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபடுத்தி எழுதப்பட்டிரா. அதனால் படித்ததாக நினைப்பதை உடனே உறுதிப்படுத்தி எழுத வேண்டாம். கட்டை வலிந்து பிரிக்காமலும் எண்ணெய் எதுவும் பூசாமலும், ஓலைச் சுவடிகளைக் கையாண்டு பழகிய பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தாரிடம் ஆலோசனை கேளுங்கள்.

சொற்களைப் பற்றியும் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. ஏடுகளில் ‘கூலி’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஏட்டின் மூலத்தலைப்பில் அது இருந்தால் மாற்றாமல் எழுத வேண்டும். நடந்ததை மறைப்பது நம் வேலையன்று. ஆனால் நீங்கள் தரும் தலைப்பிலும் பொருட்சொல்லிலும் அது வரக்கூடாது. அங்கே தோட்டத் தொழிலாளர், மலையகத் தமிழர் என்று எழுதுங்கள். 1911 குடிக்கணக்கு முதல் அரச ஏடுகளில் வழங்கும் ‘இந்தியத் தமிழர்’ என்ற பெயரைத் தேடுபவருக்கு வழிகாட்டும் இணைப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மேலதிகாரிக்கு என் சார்பில் பணிவாகச் சொல்லுங்கள்: விவரிப்பு முடியும்வரை எதையும் கழிக்க வேண்டாம். கழிப்பது பட்டியலாக்கத்தின் கடைசிப் படி; எழுத்தில் காரணம் காட்டி, பொறுப்பானவர் ஒப்பமிட்டுச் செய்ய வேண்டியது. ‘பயனுள்ளது’ எது என்பதை இன்று எவராலும் சொல்ல இயலாது. 1935 இல் பயனற்றுக் கிடந்த பற்றுச்சீட்டுதான் 1950 இல் ஒரு குடும்பத்தின் பிரஜாவுரிமைக்குச் சாட்சியானது.

உங்கள் பகுதியின் ஈரத்தையும் மறந்துவிட வேண்டாம். தென்மேற்குப் பருவமழை வைகாசியில் பிடித்தால் புரட்டாதிவரை விடாது. காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டிகளைச் சுவரோரமாகத் தரையில் வைக்காமல் கட்டையின் மேல் வையுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம். பொலித்தீனில் இறுகக் கட்டவும் வேண்டாம். ஊதாப் பென்சில் எழுத்து ஈரம் பட்டால் கரைந்து பரவும். ஈரத்துணி அருகே வரக்கூடாது. பெரிய வேலைகளைத் தை முதல் பங்குனி வரையான வறண்ட மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேடி வருபவர்களைத் திருப்பியனுப்பாதீர்கள். பெட்டியை அவர்கள் கையில் கொடுக்கவும் வேண்டாம். கேட்டவரின் குடும்பத்துப் பதிவை நீங்களே பார்த்து எழுதிக்கொடுங்கள். உங்கள் ஏடு சட்டச் சான்றிதழாகாது. ஆனால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் தேடுவதற்குத் தேவையான திகதியையும் இடத்தையும் அது தரும். சில ஏடுகளில் சாதி குறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் தண்டனையும் நோயும் எழுதப்பட்டிருக்கும். அவர்களின் பிள்ளைகள் அதே ஊரில் இன்றும் வாழ்கிறார்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது நம் கடமை. இத்தகைய ஏடுகளைப் பட்டியலில் குறிப்பிடுங்கள். உள்ளடக்கத்தை வெளிப்படையாகத் திறந்துவிட வேண்டாம். நூலக நிறுவனம் போன்ற எண்ணிம நூலகத்தோடு சேர்ந்து படமெடுக்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முன் இந்த வரம்பைத் தீர்மானித்து, குறியீட்டு இலக்கங்களையே கோப்புப் பெயர்களாக வையுங்கள்.

இதை நம்பி வாழ முடியுமா என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். கையெழுத்துப் பட்டியலாளர் என்ற பெயரில் மலையகத்தில் நிரந்தரப் பதவியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். நூலகர் பதவி வழியாகவே உள்ளே வர வேண்டும். 1960 இல் தோன்றிய இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமாவைத் தமிழில் படிக்கலாம். அதன் பின் களனிப் பல்கலைக்கழகத்தின் நூலக தகவல் விஞ்ஞானத் துறையும், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகமும் இருக்கின்றன. பல்கலைக்கழக நூலகங்கள், சுவடிகள் கூடம், அருங்காட்சியகங்கள், எண்ணிமமாக்கும் திட்டங்கள் ஆகியவை இந்தத் திறனைத் தேடுகின்றன. திட்டப் பணிகள் ஓரிரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும் என்பதால் கையில் உள்ள நிரந்தர வேலையை விட்டுவிட வேண்டாம். கம்பளைக்கு அருகேயுள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை ஒரு நாள் சென்று பாருங்கள். சிங்களம் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சிங்களம் அரச மொழியாக்கப்பட்ட 1956 க்குப் பிந்திய அரச கடிதங்களை அதில்லாமல் விவரிக்க முடியாது. மூன்று பெட்டிகளுக்கும் நீங்கள் எழுதி முடிக்கும் பட்டியல், எந்த நேர்முகப் பரீட்சையிலும் சான்றிதழுக்கு நிகராக நிற்கும்.

இவையெல்லாவற்றுக்கும் முன், இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த அம்மையாரின் வீட்டுக்குப் போங்கள். பெட்டிகளின் படங்களையும் கூத்துக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் சம்மதித்தால் பேச்சை ஒலிப்பதிவு செய்யுங்கள். எந்தப் பெட்டி அலுவலகத்திலிருந்து எந்த ஆண்டில் வந்தது, எது கட்டிலுக்கடியில் இருந்தது, எது அடுப்புக்கு மேலே புகையில் இருந்தது, கொப்பியில் உள்ளது யாருடைய கையெழுத்து, அந்த ஆண்டுகளில் மன்மதன் வேடம் கட்டியவர் யார், தோட்டத்தைத் தமிழில் எப்படி அழைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கணவர் காலமான பின் பெட்டிகளை யாரெல்லாம் திறந்தார்கள், அவற்றின் திறப்பு (சாவி) யாரிடம் இருந்தது என்பதையும் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, அன்றைய திகதியை இடுங்கள்.